வாழையும் வாளையும்: விடைத்தாளை வாசிப்பது குறித்துச் சில குறிப்புகள்

ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் போகும் சாலைக்குத் தெற்கே, கடல் சத்தம் கேட்கிற தூரத்தில் இருக்கும் ஒரு தொடக்கப்பள்ளி. மூன்றாம் வகுப்பில் சொல்வதெழுதுதல். 'வாழை' என்று டீச்சர் சொன்னதற்கு ஒரு பையன் 'வாளை' என்று எழுதியிருக்கிறான். சிவப்பு மையில் ஒரு சுழி. பத்துக்கு ஆறு. அந்த ஆறு ஒரு பதிவேட்டில் ஏறி, பதிவேட்டிலிருந்து ஒரு செயலிக்கு ஏறி, அங்கிருந்து வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று மேலே மேலே போய்விட்டது. 'வாளை' மட்டும் போகவில்லை. அது அந்த நோட்டிலேயே கிடக்கிறது.

நான் பார்த்த அளவில் அந்தப் பையன் ஒரு தவறும் செய்யவில்லை. எங்கள் பக்கத்தில் வாழைப்பழத்தை யாரும் வாழைப்பழம் என்று சொல்வதில்லை, 'வாளப்பளம்'தான். ழகரம் தெற்கே ளகரமாகிப் போனது மொழியியல் படித்தவர்களுக்குப் புதிதல்ல. காதில் விழுந்ததை அவன் பிசகில்லாமல் எழுத்தாக்கியிருக்கிறான். ளகர ஐகாரத்தைச் சரியாகப் போட்டிருக்கிறான், நெடிலை விடவில்லை. போதாததற்கு வாளை என்பது அவனுக்குத் தெரிந்த சொல். முள்ளுவாளையும் சாவாளையும் அவன் வீட்டுக் கூடையில் வருபவை. வாழை மரம் அந்த மணலில் எங்கே இருக்கிறது? ஒலியை எழுத்தாக்குவதில் முழுத் தேர்ச்சி பெற்ற ஒருவனை 'எழுதத் தெரியாதவன்' என்ற கட்டத்துக்குள் தள்ளியது எது என்பதுதான் இக்கட்டுரையின் கேள்வி.

ஓர் இலக்கியப் பத்திரிகையில் இதை எழுதுவானேன் என்று கேட்கலாம். நான் கல்வியியல் படித்தவனல்ல, தமிழ் எம்.ஏ. படித்துப் பிரதிகளோடு மல்லுக்கட்டுகிறவன். ஆனால் இந்த நாட்டில் மிக அதிகமாக எழுதப்பட்டு மிகக் குறைவாக வாசிக்கப்படும் பிரதி எது என்று கேட்டால், பள்ளிக்கூடத்து விடைத்தாள் என்றே சொல்வேன். அது திருத்தப்படுகிறது, கூட்டப்படுகிறது, கட்டிப் பரண்மேல் போடப்படுகிறது. வாசிக்கப்படுவதில்லை. வாசகனை நடுவில் கொண்டுவந்து வைத்தோம் என்று முப்பது வருஷமாகப் பேசிக்கொண்டிருக்கிற நாம் இந்த வாசகர் இல்லாப் பிரதியைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

இது நேற்று வந்த பிரச்சினை இல்லை. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் ஆண்டுத் தேர்வும் கிடையாது, ஆண்டு வகுப்பும் கிடையாது. பிள்ளை மணலில் எழுதும், சுவடியை ஒப்பிக்கும், அது வந்த பிறகே அடுத்த சுவடி. வாராவிட்டால் மறுபடி அதே சுவடிதான், கூடவே பிரம்பும். ஒவ்வொரு நாளும் சோதனை, சட்டாம்பிள்ளைதான் சோதகர். 1789 வாக்கில் சென்னை எழும்பூரில் ஆண் அநாதைப் பிள்ளைகள் விடுதியை நடத்த வந்த ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் இந்த மணல் எழுத்தையும் சட்டாம்பிள்ளை முறையையும் எடுத்துக்கொண்டு, 1797இல் லண்டனில் ஒரு நூலாக வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளுக்குப் போய்ச் சேர்ந்தது. நம்மிடமிருந்து போன சரக்கு என்று பெருமைப்படுகிறவர்கள் திண்ணையில் யார் யார் உட்கார முடிந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சேரிப் பிள்ளைக்கு அந்த மணல் எட்டவில்லை. ஆகவே திண்ணையை மீட்டெடுக்கும் ஏக்கம் எனக்கில்லை. நான் கவனிக்கச் சொல்வது ஒன்றைத்தான்: அங்கே சோதனையும் அடுத்த நாள் பாடமும் ஒரே கையில் இருந்தன.

அந்தக் கை இரண்டாகப் பிரிந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டில். 1862இல் இங்கிலாந்தில் ராபர்ட் லோ கொண்டுவந்த திருத்தச் சட்டம், பிள்ளைகளின் வாசிப்பு, எழுத்து, கணக்குத் தேர்ச்சியைப் பொறுத்துப் பள்ளிக்கு மானியம் என்றது. சென்னை மாகாணத்திலும் இதே வழியில் தேர்ச்சிக்கு மானியம் என்ற முறை வந்தது. இன்ஸ்பெக்டர் வருவார், பிள்ளைகளைச் சோதிப்பார், தலைக்கு இவ்வளவு என்று கணக்குப் போடுவார், போய்விடுவார். சோதனையின் விளைவு பிள்ளைக்குத் திரும்பி வராமல் கஜானாவுக்குப் போனது. இதைக் கடுமையாக எதிர்த்தவர்களில் ஒருவர் மாத்யூ ஆர்னால்ட். நமக்கு அவர் கவிஞர், விமர்சகர். எம்.ஏ. வகுப்பில் அவரைப் பற்றி எவ்வளவோ சொன்னார்கள், அவர் முப்பத்தைந்து வருஷம் பள்ளி ஆய்வாளராகச் சம்பளம் வாங்கியவர் என்பதை யாரும் சொல்லவில்லை. இலக்கிய விமர்சனமும் விடைத்தாள் திருத்துவதும் ஒரே ஆளின் ஒரே மேசைமேல் நடந்திருக்கின்றன.

இனி நம் காலத்துக்கு வருவோம். 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கி, 2007-08இல் மாநிலம் முழுக்கப் பரவிய செயல்வழிக் கற்றலில் ஏணிப்படி என்ற ஒன்று இருந்தது. ரிஷிவேலியிலிருந்து வந்த யோசனை, எம்.பி. விஜயகுமார் ஐ.ஏ.எஸ். முன்னின்று நடத்தியது. ஒவ்வொரு பிள்ளையும் தன் அட்டையைத் தானே எடுத்து, தன் படியில் தானே நிற்கலாம். இதன் நல்லது கெட்டது பற்றி நிறையப் பேசியாயிற்று. பின்னர் முப்பருவ முறையும் தொடர் மதிப்பீடும் வந்தன. வளரறி மதிப்பீடு, தொகுத்தறி மதிப்பீடு என்று இரண்டு நல்ல தமிழ்ச் சொற்கள் நமக்குக் கிடைத்தன. ஒன்று கற்கும்போதே பார்ப்பது, மற்றது கற்று முடிந்ததும் பார்ப்பது. நடைமுறையில் வளரறியும் ஒரு மதிப்பெண்ணாகித் தொகுத்தறியோடு கூட்டப்பட்டது. கூட்டிய நிமிஷமே அது வளரறி இல்லை என்பது பலருக்கு உறைக்கவில்லை.

கொரோனா காலத்து இழப்புக்குப் பிறகு, 2022 ஜூனில், 'எண்ணும் எழுத்தும்' வந்தது. 2025க்குள் எட்டு வயதுக்கு உட்பட்ட எல்லாக் குழந்தைகளும் எழுதப் படிக்க, அடிப்படைக் கணக்குப் போடத் தெரிந்தவர்களாக வேண்டும் என்பது இலக்கு. முதலில் ஒன்று முதல் மூன்று வரை, அடுத்த ஆண்டு நான்கும் ஐந்தும். பிள்ளைகளைச் சோதித்து அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலையாகப் பார்த்து, நிலைக்கேற்ற பயிற்சி நூலும் பாடமும். இந்த எண்ணத்தில் ஒரு நியாயம் இருக்கிறது, அதை முதலில் ஒத்துக்கொள்ள வேண்டும். மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருப்பதாலேயே ஒரு பிள்ளைக்கு மூன்றாம் வகுப்புப் பாடம் போய்ச் சேராது. பிரதம் போன்ற அமைப்புகள் வருஷக்கணக்காகச் சொல்லிவருவதும் இதைத்தான்.

ஆனால் பெயர்கள்? என் போன்றவனுக்கு அங்கே கண் நிற்கும். அரும்பு மொட்டாவதும் மொட்டு மலராவதும் இயற்கை. யாரும் மொட்டுக்குச் சொல்லிக்கொடுப்பதில்லை. இந்த உருவகத்துக்குள் காலம் இருக்கிறது, செடி இருக்கிறது, தோட்டக்காரர் இல்லை. பிள்ளை மலராவிட்டால் இன்னும் பொழுது வரவில்லை என்று பொருள். அதாவது எதைத் தெரிந்துகொள்வதற்காகச் சோதித்தோமோ, எதை மறுபடி எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்பதை, அந்தப் பெயரே விழுங்கிவிடுகிறது. 'மக்கு' என்பதற்குப் பதில் 'அரும்பு' என்று சொல்வது கருணைதான், மறுக்கவில்லை. பிள்ளைகள் இதைச் சீக்கிரம் புரிந்துகொள்கிறார்கள். "நீ எந்தக் கிளாஸ்?" என்று ஒரு சிறுமியைக் கேட்டேன். "மொட்டு" என்றாள்.

இந்த இடத்தில் நம்மில் பலர் ஃபூக்கோவை எடுப்போம். 1975இல் வந்த தண்டனையும் ஒழுங்கும் பற்றிய நூலில் தேர்வைப் பற்றி அவர் எழுதிய பக்கங்கள் பிரசித்தம். பார்ப்பதும் தரம்பிரிப்பதும் தேர்வில் ஒன்றுசேர்கின்றன, ஒவ்வொரு உடலும் ஓர் ஆவணமாகிறது, ஒரு 'கேஸ்' ஆகிறது என்பார். மாவட்டமே கேஸ் ஆகும் காலம் இது. 2018இல் மத்திய அரசு 'முன்னேற விழையும் மாவட்டங்கள்' என்று 112ஐப் பட்டியலிட்டபோது தமிழ்நாட்டிலிருந்து விருதுநகரும் ராமநாதபுரமும் அதில் இருந்தன. குறியீட்டில் கல்விக்கு 30 சதவீதம். மாதா மாதம் யார் எவ்வளவு நகர்ந்தார்கள் என்று தரவரிசை. அதே ராமநாதபுரம் 2024 பத்தாம் வகுப்புத் தேர்ச்சியில் மாநிலத்தில் மூன்றாவது இடம். ஒரே மண் ஒரு பட்டியலில் பின்தங்கியது, இன்னொன்றில் முன்னோடி. இரண்டு பட்டியலிலும் நம் வாளைப் பையன் எங்கே இருக்கிறான் என்று தேடினால் கிடைக்க மாட்டான். தேசிய அடைவு ஆய்வு மாதிரி எடுத்துச் செய்வது, மாவட்டத்தைப் பற்றித்தான் பேசும். அதைக்கொண்டு எந்த டீச்சரும் நாளைக் காலைப் பாடத்தைத் திட்டமிட முடியாது. அது அதன் குற்றமல்ல, அதன் வேலையே வேறு. அதைக் காட்டி டீச்சரைக் கேள்வி கேட்பதுதான் குற்றம்.

ஃபூக்கோவோடு நின்றுவிட நான் தயாராக இல்லை. காரணம் சொந்தமானது. ஏழாம் வகுப்புக் காலாண்டில் அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னார்கள். மேலே ஒன்றும் ஒன்றும் இரண்டு, கீழே இரண்டும் மூன்றும் ஐந்து, ஆக ஐந்தில் இரண்டு என்று எழுதினேன். அந்த மாதிரிக் கணக்குகள் ஆறு, ஆறுக்கும் அதே வழி, ஆறுக்கும் சுழி. ஒழுங்காகத் தப்புச் செய்திருக்கிறேன் என்பது பார்த்தவுடன் தெரிந்திருக்கும். தாளைக் கொடுத்துவிட்டு அன்றே அடுத்த பாடத்துக்குப் போனார்கள். அந்த வகுப்பில் நாற்பத்தெட்டுப் பேர், யாரையும் குறை சொல்லி இப்போது ஆகப்போவது ஒன்றுமில்லை. ஆனால் நான் தமிழுக்கு வந்ததில் சங்க இலக்கியத்துக்கு எவ்வளவு பங்கு, அந்த ஐந்தில் இரண்டுக்கு எவ்வளவு பங்கு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. என்னை யாரும் கண்காணிக்கவில்லை என்பதல்ல என் விடுதலை. யாரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான். பார்வை அதிகாரம் என்று எழுதும்போது, பார்க்கப்படாமலே போனவர்களின் பக்கம் ஒன்று இருக்கிறது என்பதையும் எழுத வேண்டும்.

முதலில் சொன்ன பள்ளியில் என் மதினி டீச்சர். இரண்டு ஆசிரியர் பள்ளி. ஐந்து வகுப்பு. அவரிடம் ஒரு நீள நோட்டு இருக்கிறது. மார்க் பதிவேடு அல்ல, அது வேறு. தேதி போட்டு, பிள்ளைகள் எழுதிய தப்புகளை அப்படியே எழுதிவைத்திருக்கிறார். எதிரே பெயர்களின் முதலெழுத்து. 52இல் 27 போனால் 35. இதற்கு நேரே ஒன்பது பேர். ஐந்தில் இரண்டு போனால் மூன்று சரி, இரண்டில் ஏழு போகாது, அதனால் ஏழில் இரண்டைக் கழித்து ஐந்து. கடன் வாங்கத் தெரியாததால் வந்ததல்ல, 'பெரிசிலிருந்து சின்னதைக் கழி' என்று நாம் முதல் வகுப்பில் சொல்லிக்கொடுத்ததை விசுவாசமாகக் கடைப்பிடித்ததால் வந்தது. இன்னும் இரண்டு பேர் 79 என்று எழுதியிருக்கிறார்கள், கூட்டிவிட்டார்கள். ஒருத்தி வெறும் கோடு. மூவகைக்கும் மார்க் ஒன்றே, சுழி. மூவகைக்கும் மருந்து ஒன்றா?

"ஒம்போது பேத்துக்குத்தான் திருப்பி நடத்தணும். ரெண்டு பேரு குறியப் பாக்கல, அதுக்கு நடத்த வேண்டாம், பாருங்கடான்னா போதும். கோடு போட்டவ அன்னிக்குக் காச்ச" என்றார் மதினி.

அவர் செய்ததை விவரமாகச் சொல்கிறேன், நம் பத்திரிகைகளில் இதற்கெல்லாம் இடம் கிடைப்பதில்லை. மறுநாள் முதல் இருபது நிமிஷம் அந்த ஒன்பது பேர். கரும்பலகை கிடையாது. மீன் ஏலத்தைக் கேட்டார். ஐம்பத்திரண்டு ரூபாய் இருக்கு, இருபத்தேழு ரூபாய்க்கு மீனு வாங்குனா மிச்சம்? ஏழு பேர் உடனே இருபத்தஞ்சு என்றார்கள். எப்படி? இருபது போச்சு, முப்பத்திரண்டு, ஏழு போச்சு, இருபத்தஞ்சு. பிறகு பத்து ரூபாய்த் தாளும் சில்லறையும் கொண்டுவந்து, ஒரு பத்து ரூபாயை மாற்றச் சொல்லி, மாற்றியதைப் பலகையில் எழுதிக் காட்டினார். மூன்று நாள் கழித்து இரண்டே இரண்டு கணக்கு. ஒன்பதில் ஏழு பேருக்கு வந்தது. மிச்சம் இரண்டு பேர் அடுத்த வாரமும் உட்கார்ந்தார்கள், பிறகு அந்தக் கூட்டம் கலைந்துவிட்டது.

பிரேசிலில் ரெசிஃபே கடற்கரை நகரத்துத் தெருவில் விற்கும் பிள்ளைகளை வைத்து 1985இல் காரஹேர், ஷ்லீமான் குழுவினர் எழுதிய கட்டுரை மதினி படித்ததல்ல. ஐந்தே பிள்ளைகள். தெருவில் வியாபாரமாகக் கேட்டபோது 98 சதவீதம் சரி, அதே கணக்கைத் தாளில் எண்ணாகக் கொடுத்தபோது 37 சதவீதம். தெருக் கணக்கும் பள்ளிக் கணக்கும் ஒரே தலைக்குள் இருந்துகொண்டு ஒன்றையொன்று பார்த்துக்கொள்வதில்லை. மதினி செய்தது அவை இரண்டையும் சந்திக்க வைத்தது.

எனக்கு முக்கியமாகப் படுவது, கூட்டம் கலைந்துவிட்டது என்பது. நிலை வைத்துப் பிரித்த கூட்டம் கலைவதில்லை, மொட்டு நெடுநாள் மொட்டாகவே இருக்கும். தப்பு வைத்துப் பிரித்த கூட்டத்துக்கு ஆயுள் ஒரு வாரம். ஒருத்தியே கழித்தலில் உட்காருவாள், வாசிப்பில் பக்கத்துப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பாள். நிலை பிள்ளையின் அடையாளம் ஆகிறது. தப்போ பிள்ளையும் பாடமும் முட்டிக்கொண்ட இடம். 1968இல் பெஞ்சமின் புளூம் தேர்ச்சிக் கற்றல் பற்றி எழுதியபோதும் சோதித்த பிறகு செய்யும் திருத்தம் முதலில் நடத்தியது போலவே இருக்கக் கூடாது என்றுதான் வற்புறுத்தினார். அதே பாடத்தை இன்னும் உரக்க நடத்துவது மறுகற்பித்தல் அல்ல. இஸ்ரேலில் ரூத் பட்லர் 1988இல் வெளியிட்ட சோதனை இன்னும் சங்கடமானது. குறிப்பு மட்டும் எழுதிக்கொடுத்த பிள்ளைகள் முன்னேறினார்கள், மார்க் மட்டும் பெற்றவர்கள் முன்னேறவில்லை, மார்க்கும் குறிப்பும் சேர்த்துப் பெற்றவர்களும் முன்னேறவில்லை. மார்க் இருந்தால் பிள்ளை மற்றதைப் படிப்பதில்லை. பெற்றோரும்தான்.

ராமேஸ்வரம் என்றவுடன் அப்துல் கலாமைச் சொல்வது நம் அனிச்சைச் செயல். அவர் பல இடங்களில் சொன்ன ஒரு சம்பவம் உண்டு. ஐந்தாம் வகுப்பில் சிவசுப்பிரமணிய ஐயர் பலகையில் பறவையை வரைந்து, அது எப்படிப் பறக்கிறது என்று நடத்திவிட்டுப் புரிந்ததா என்று கேட்டார். புரியவில்லை என்றார் கலாம், பல பிள்ளைகளும் அப்படியே சொன்னார்கள். அவர் கோபப்படவில்லை, அன்று மாலை எல்லாரையும் கடற்கரைக்குக் கூட்டிப்போய்ப் பறக்கும் பறவைகளையே காட்டினார். ராக்கெட்டுக்கு வித்திட்ட கதை என்று பள்ளி விழாக்களில் இதைச் சொல்லிச் சொல்லித் தேய்த்துவிட்டார்கள். இதில் ராக்கெட்டை எடுத்துவிட்டுப் படித்துப்பாருங்கள். ஒரு வாத்தியார் கேட்டார், பதிலை நம்பினார், நடத்திய விதத்தை மாற்றினார், அதே நாளில் மாற்றினார், யாரையும் தனியாகப் பிரிக்கவில்லை. 'புரியவில்லை' என்று ஒரு பிள்ளை பயமில்லாமல் சொல்ல முடிந்தது. அந்த வகுப்பில் கலாம் ஆகாத மற்றப் பிள்ளைகளுக்கும் அன்று மாலை பறவை பறந்தது விளங்கியிருக்கும்.

மதினியின் நோட்டைப் புனிதமாக்கும் உத்தேசம் இல்லை. அவரிடம் இருப்பது இருபத்திரண்டு பிள்ளைகள். அறுபது பேர் இருந்தால் அந்த நோட்டு நடக்காது. இன்னொன்றும் உண்டு. மேலேயிருந்து வந்த ஒரு சோதனையை வேண்டாவெறுப்பாகத்தான் நடத்தினார். "போன்ல ஏத்தி முடிக்கவே மத்தியானம் போயிரும் தம்பி, எப்ப நடத்துறது?" என்பது அவர் புலம்பல், நியாயமான புலம்பல். ஆனால் அதில் ஒரு பெண்பிள்ளை எல்லாவற்றையும் சரியாகப் படித்துவிட்டாள். கடற்பாசி எடுக்கப் போகும் வீட்டுப் பிள்ளை, படகு கரைக்கு வரும் காலைகளில் வகுப்புக்கு வராது, வந்தாலும் வாய் திறக்காது. இரண்டு வருஷமாக மதினி அவளுக்கு ஒன்றும் வராது என்று நினைத்திருந்தார். "நானே அப்படி நெனச்சிட்டேனே" என்று இதை என்னிடம் சொன்னபோது அவர் குரல் நன்றாக இல்லை. 'கடக்கரைப் பிள்ளைகளுக்கு இவ்வளவுதான் வரும்' என்று நம் ஊர் ஆசிரியர் அறைகளில் சொல்லக் கேட்டிருக்கிறேன். டீச்சரின் பார்வையும் வெள்ளந்தியானதல்ல, அதிலும் சாதி உண்டு, தெரு உண்டு, சட்டையின் அழுக்கு உண்டு. வெளியிலிருந்து வரும் எண் சில சமயம் அந்தப் பார்வையைத் தடுக்கி விழவைக்கும். எண்ணே வேண்டாம் என்று சொல்லும் தோழர்களோடு நான் பிரிவது இங்கேதான்.

அதே சமயம் எண்ணுக்குக் கடலின் நாள்காட்டி தெரியாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. பள்ளி திறந்து பிள்ளை எங்கே நிற்கிறது என்று அளக்கத் தொடங்கும்போது, வீட்டில் இரண்டு மாதமாக வருமானம் இல்லை. அந்த அளவைத் தடைக்காலத்து வயிற்றின் அளவாகவும் படிக்கலாம். 2025-26இல் ஆறு முதல் ஒன்பது வரை 'திறன்' என்று இதேபோல் தொடங்கியிருக்கிறார்கள். அடிப்படை வராத பெரிய பிள்ளைகளுக்கு மறுபடி சொல்லிக்கொடுப்பது என்று அரசு ஒத்துக்கொண்டதே ஒரு நேர்மை. பதினான்கு வயதுப் பையனைத் தனியாக உட்காரவைத்து எழுத்துக்கூட்டச் சொல்லும்போது அவன் மானம் என்ன ஆகும் என்பதை எந்தக் கட்டத்தில் நிரப்புவார்களோ தெரியவில்லை.

வாளைக்குத் திரும்புகிறேன். அந்த நோட்டில் அன்றைய தேதிக்கு நேரே 'வாளை' என்று எழுதி, பெயர்களின் முதலெழுத்து பதினான்கு இருந்தது. இருபத்திரண்டில் பதினான்கு. மதினி அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "தம்பி, நான் என்ன சொன்னேன்னு நெனைக்கிறீங்க? நானும் வாளைன்னுதான் சொல்லியிருப்பேன்" என்றார். சொல்லிப் பார்க்கச் சொன்னேன். சொன்னார். வாளைதான். என்னைச் சொல்லச் சொன்னார். தமிழ் எம்.ஏ. படித்த என் வாயிலும் முதல் தடவை வாளைதான் வந்தது, இரண்டாம் தடவை நாக்கை மடக்கிச் சரிசெய்துகொண்டேன்.

அடுத்த நாள் பிள்ளைகளிடம், "டீச்சருக்கே இந்த எழுத்து வரல, எல்லாரும் சேந்து படிப்போம்" என்று தொடங்கினாராம். நாக்கை மேலே மடக்கு, அண்ணத்தைத் தொடாதே. ஒரு மணிநேரம் ஒரே சிரிப்பு. பையன் எழுந்து, "டீச்சர், வாளையும் திங்கிறதுதான?" என்று கேட்டிருக்கிறான். பலகையில் மீனும் மரமும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து அடியில் இரண்டையும் எழுதினார்கள். நான்கு நாள் கழித்து மறுபடி சொல்வதெழுதுதல். வாழை பதினான்கில் பன்னிரண்டு பேருக்குச் சரி. நம் ஆள் வாழை, மழை, கிழமை எல்லாவற்றையும் சரியாக எழுதிவிட்டு, பள்ளிக்கூடத்தைப் 'பழ்ழிக்கூடம்' என்று எழுதியிருந்தான். மதினி தேதி போட்டு அதையும் நோட்டில் ஏற்றினார். எதிரே ஆறு முதலெழுத்துகள்.